பீனா சேச்சியின் பெயரில் நான் படித்த ஞாயிற்றுக்கிழமை

என் ஆயுளில் மேடையேறிப் பரிசு வாங்கியது ஒரே ஒரு முறைதான். அதையும் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பரிசு என்னுடையதில்லை, அதில் எழுத இருந்த பெயரும் என்னுடையதில்லை, அந்த மண்டபத்துக்குள் நான் கால் வைத்திருக்கவே கூடாது. அங்கே எனக்குச் சொந்தமாக இருந்தவை ஒரு நோட்டும் ஒரு வாயும்தான். வாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பார்மசிஸ்ட் இல்லை, பார்மசிஸ்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். டாக்டர் சீட்டை வாங்கி, அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து பீனா சேச்சியின் முன்னால் வைப்பேன். அவர் சீட்டையும் மருந்தையும் ஒத்துப் பார்த்து, கவரில் காலைக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று எழுதிக் கொடுப்பார். பதிவு பெற்ற பார்மசிஸ்ட் அவர்தான். அவருடைய சான்றிதழ் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. தினமும் காலையில் அதைத் துடைப்பது என் வேலை. (கடையில் மற்ற கண்ணாடிகளில் தூசி இருக்க, அது மட்டும் எப்படிப் பளபளக்கிறது என்று முதலாளி ஒருமுறை கேட்டார். அந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம் என்று சொல்லி வைத்தேன்.)

உண்மை என்னவென்றால், அப்படி ஒரு சான்றிதழில் என் பெயர் இருந்திருக்க வேண்டும். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். பார்மசிஸ்ட் ஆவதற்கான டி.பார்ம் படிக்க இடமும் கிடைத்தது. அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தார். ஒரு மழை நாளில் சாக்கடையின் மூடி சரிந்து உள்ளே விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அம்மா வேலைக்குப் போயே ஆக வேண்டும், அதனால் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு நான் இருந்தேன். கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாளன்று அரசு ஆஸ்பத்திரியின் மருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில் என் முறை வந்தபோது சீட்டை நீட்ட மறந்துவிட்டேன். பின்னால் நின்றவர் திட்டினார்.

அப்பா ஒரு வருடத்தில் எழுந்து நடந்தார். நான் கடை வேலைக்கு வந்துவிட்டேன். யார் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் இருபது வருடம் ஆகப் போகிறது, இன்றைக்கும் ஜூன் மாதம் பிறந்ததும், தோளில் பையோடு பிள்ளைகள் எர்ணாகுளம் படகில் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு ஒரு ஏக்கம் வரும். பசி மாதிரி இருக்கும், சாப்பிட்டால் போகாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பீனா சேச்சி கவுண்டரில் ஆளில்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"செல்வீ, நீ எனக்கு ஒரு உபகாரம் செய்யணும்."

பார்மசிஸ்டுகள் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால், இடையில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்க வேண்டும். புது மருந்துகள், பழைய மருந்துகளைப் பற்றித் தெரிய வந்த புது விஷயங்கள் எல்லாம் சொல்லித் தருவார்கள். படித்து முடித்து இருபத்தைந்து வருடம் ஆனவருக்கும் அது உண்டு. பீனா சேச்சிக்கு அந்த வகுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் கும்பளங்கியில் அவர் வீட்டுக்கு, மகளைப் பெண் பார்க்க பையன் வீட்டார் வருகிறார்கள்.

"எனக்குப் பதிலா நீ கிளாஸுக்குப் போகணும்."

"ஐயோ சேச்சி, அது தப்பில்லையா?"

"தப்புதான். பெரிய தப்பு. ஆனா பையன் திங்கட்கிழமை துபாய்க்குத் திரும்பறான். மாசம் முடியறதுக்குள்ள நான் புதுக்கலேன்னா கடைக்குப் பார்மசிஸ்ட் இல்ல. பார்மசிஸ்ட் இல்லேன்னா கடையும் இல்ல, நீயும் இல்ல."

பிறகு திட்டத்தைச் சொன்னார். "கடைசி வரிசையில இரி. கையெழுத்துப் போடு. பிரியாணி தின்னு. சர்ட்டிபிகேட் வாங்கி நேரா வா. மிண்டக் கூடாது, கேட்டோ. மிண்டவே கூடாது." (மிண்டுவது என்றால் பேசுவது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் என்னைப் பார்த்து அதிகமாகச் சொல்லப்பட்ட சொல் அதுதான்.)

நல்ல பெண்ணாக இருந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எத்தனை பேருடைய உயிருக்குப் பாதுகாப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் 'கிளாஸ்' என்று சொன்ன நொடியிலேயே என் மூளை வேலையை நிறுத்திவிட்டது. எந்தச் சேலை கட்டுவது என்று யோசித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே போய் ஒரு நீளமான நோட்டும், நாலு நிற மை வரும் ஒரு பேனாவும் வாங்கினேன். மகள் நந்தினிக்கு அப்போது பதினோரு வயது. அவளிடமிருந்து காக்கி அட்டை வாங்கி நோட்டுக்கு உறை போட்டேன். லேபிள் ஒட்டினேன். லேபிளில் அழகாக 'செல்வி' என்று எழுதினேன். வேறொருத்தி பெயரில் கள்ளத்தனமாக வகுப்புக்குப் போகிறவள், தன் சொந்தப் பெயரை நோட்டில் எழுதிக் கொண்டுபோவாளா? நான் கொண்டுபோனேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் திருட்டுப் புத்தி.

என் வீட்டுக்காரர் முருகேசன் பஜாரில் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். அரிசி மூட்டை, மிளகு மூட்டை எல்லாம் ஏற்றுவார். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"மாட்டினா ஜெயிலா?"

"மாட்ட மாட்டேன். வாயே திறக்காம இருந்துட்டு வந்துடுவேன்."

"நீயா? ஒரு நாள் முழுக்கவா?" என்று கேட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். நந்தினியும் சிரித்தாள். இருவரும் சாப்பிட்டுக் கைகழுவும் வரை சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு படகேறினேன். பீனா சேச்சியின் கையெழுத்தைப் பழைய பில்களின் பின்பக்கத்தில் ஐம்பது தடவை போட்டுப் பழகியிருந்தேன். பதிவு எண் மட்டும் மனதில் நிற்கவில்லை. தினமும் துடைக்கிற சான்றிதழில்தான் அது இருக்கிறது, ஆனால் நான் அதில் பார்ப்பது எண்ணை இல்லையே. அதனால் எண்ணை நீலமையில் வலது உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். எந்தக் கையால் சாப்பிடுவோம் என்று யோசித்து எழுதியிருக்கலாம்.

எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலின் மேல்மாடி மண்டபம். வாசலில் கையெழுத்துப் போட்டதும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். 'பீனா, பார்மசிஸ்ட்' என்று அச்சடித்திருந்தது. மாட்டிக்கொண்டு நேராகக் கழிவறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். முதல் வார்த்தையை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவது வார்த்தையை மட்டும் பார்த்தேன். யாரோ கதவைத் தட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

சொன்னபடி கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். என் இடப்பக்கம் ஒருவர் போனில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தார், பாவம், வாரத்தில் அவருக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. முன்னால் இருவர், புதிதாகத் திறந்த ஒரு பெரிய மருந்துக் கடை தங்கள் கடைகளை என்ன பாடுபடுத்துகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஆன்சி மேடம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மருந்தியல் கல்லூரிப் பேராசிரியை, நாற்பது வயதிருக்கும், சத்தம் போடாமல் பேசுகிறவர். எனக்கு ஒரு வார்த்தை கேட்டால் அடுத்த வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வரிசை மட்டும் முன்னால் போகலாம் என்று எழுந்தேன். அதில் தப்பில்லை என்று பட்டது. அங்கே மின்விசிறிச் சத்தம். இன்னும் இரண்டு வரிசை. பத்தரை மணிச் சாயாவுக்கு மூன்றாவது வரிசையில் இருந்தேன். சாயா முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது முதல் வரிசையின் நட்டநடுவில், நோட்டை விரித்து, பேனாவில் சிவப்பு மையை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்படிச் சொல்வது அந்தக் காலைப்பொழுதை? பதினான்கு வருடம் நான் கையால் எடுத்துக் கொடுத்த மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பெயர் தெரியும், விலை தெரியும், எந்தத் தட்டில் இருக்கும் என்று இருட்டிலும் தெரியும். உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது. ஆன்சி மேடம் அதைச் சொல்லச் சொல்ல, தினமும் பார்க்கிற ஆட்களின் வீட்டுக்குள்ளே போய்ப் பார்ப்பதுபோல இருந்தது. மருந்துப் பெயரை ஆங்கிலத்தில், பாடத்தை மலையாளத்தில், எனக்குத் தோன்றியதைத் தமிழில் என்று எழுதிக்கொண்டே போனேன். கை வலித்தது. அந்த வலிகூடப் பிடித்திருந்தது. இந்த மணி நேரம் முடிந்துவிடக் கூடாதே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மேடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்க கடைக்கு வர்ற ஒருத்தர், ஒழுங்கா மருந்து சாப்பிட்டும் குணமாகல. நீங்க என்ன கவனிப்பீங்க?"

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். எனக்குக் கடையின் எதிர்ச்சந்தில் இருக்கும் குல்சும் இத்தாவின் ஞாபகம் வந்தது. (இத்தா என்றால் அக்கா, இங்கே முஸ்லிம் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.) தைராய்டு மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார். ஐம்பதில் ஆரம்பித்த டோஸ் எழுபத்தைந்தாகி, நூறாகி, மேலே போய்க்கொண்டே இருந்தது. மிண்டக் கூடாது, மிண்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தானாக எழுந்துவிட்டது.

"மேடம், எங்க கடைக்கு ஒரு இத்தா வருவாங்க. தைராய்டு மாத்திரைய விடிஞ்சதும் சாயாவோட முழுங்குவாங்க, கூடவே கால்சியம் மாத்திரையும். அதனாலதான் டோஸ் ஏறிட்டே போகுதோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அது சரியா?"

ஆன்சி மேடம் என்னையே பார்த்தார். "எத்தனை நாளா இந்தச் சந்தேகம்?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா யார்கிட்டயும் கேட்கலையா?"

"கேட்க ஆளில்ல மேடம்" என்றேன். (பீனா சேச்சியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், உனக்கெதற்கு இதெல்லாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை என்பது வேறு விஷயம்.)

என் சந்தேகம் சரி என்று மேடம் சொன்னார். சாயாவும் கால்சியமும் அந்த மாத்திரையை உடம்பில் சேர விடாது, வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும், கால்சியத்துக்குச் சில மணி நேரம் இடைவெளி வேண்டும், டோஸை மாற்றுவது டாக்டர் கையில் என்று விளக்கினார். பிறகு எல்லோரையும் பார்த்து, "கவுண்டர்ல நின்னு கண்ணைத் திறந்து பார்க்கிறவங்க இப்படித்தான் கேட்பாங்க" என்றார். எனக்குக் காது சூடானது. அதற்குப் பிறகு நான் மனுஷியாகவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் இன்னும் ஆறு கேள்வி கேட்டேன்.

பிரியாணி நன்றாக இருந்தது. வலது கையால் சாப்பிட்டேன். சோப்புப் போட்டுக் கைகழுவினேன்.

மதியம் ஆன்சி மேடம் இரண்டு நாற்காலியை மேடையில் எதிரெதிராகப் போட்டார். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று நடித்துக் காட்ட வேண்டுமாம். "பீனா, வாங்க" என்றார். நான் அசையவில்லை, பீனா யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், தலை முழுக்க நரைத்த ஒரு பெரியவர், என் கழுத்து அட்டையைக் காட்டி, "உங்களத்தான்" என்றார்.

மேடையேறி உட்கார்ந்தேன். மேடம் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "இப்போ நான் நோயாளி. நீங்க பார்மசிஸ்ட்."

பதினெட்டு வயதிலிருந்து யாராவது என்னைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்லமாட்டார்களா என்று இருந்திருக்கிறேன் என்பது அது காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மேடம் பிடிவாதக்கார நோயாளியாக நடித்தார். "எனக்குச் சாயா குடிக்காம கண்ணே திறக்காது. மாத்திரைய எப்படி முதல்ல போடறது?"

"கண்ணைத் திறக்காதீங்க. மூடிக்கிட்டே மாத்திரையத் தண்ணியில முழுங்குங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்து சாயா குடிங்க" என்றேன்.

மண்டபம் சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்த பெண்கூட எழுந்து கைதட்டினார். இன்னும் பத்து நிமிடம் நடித்தோம். நான் நடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதோடு இறங்கியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் சாயங்காலம், அன்றைய வகுப்பில் மிகச் சிறந்தவர் என்று ஒரு பரிசு அறிவித்தார்கள். தடிமனான மருந்துப் புத்தகம். எல்லா மருந்தும் எப்படி வேலை செய்கிறது, எதோடு எது சேரக்கூடாது என்று எல்லாம் இருக்கும். அப்படி ஒன்று வேண்டும் என்று எவ்வளவு நாளாக ஆசை. மேடம் அதை என் கையில் கொடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். புதுப் புத்தக வாசனை வந்தது.

"முதல் பக்கத்துல பேரும் பதிவு எண்ணும் எழுதித் தர்றேன். எண்ணைச் சொல்லுங்க பீனா."

உள்ளங்கையைப் பார்த்தேன். நீலமை இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

பதற்றத்தில் மனதிற்கு வந்த ஒரே எண்ணைச் சொன்னேன். பதினான்கு வருடமாக ஒவ்வொரு பில்லின் தலையிலும் பார்த்த எண். நாலைந்து இலக்கம் சொல்வதற்குள்ளேயே முதல் மூன்று வரிசையும் சிரிக்க ஆரம்பித்தது. மருந்துக் கடைக்காரர்களுக்கு அந்த எண்ணின் தொடக்கத்தைக் கேட்டாலே தெரியும்.

"அது கடையோட லைசென்ஸ் எண் பீனா!" என்று மேடமும் சிரித்தார். "பரவால்ல, பயந்துட்டீங்க. கம்ப்யூட்டர்ல பார்த்துக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வகுப்பின் ஒருங்கிணைப்பாளர் தன் மடிக்கணினியில் பெயரைத் தட்டினார். அது பெரிய திரையோடு இணைந்திருந்தது என்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். என் தலைக்கு மேலே, ஒரு ஆள் உயரத்துக்கு, பீனா சேச்சி வந்து நின்றார். ஐம்பது வயது, உருண்டை முகம், தடித்த கண்ணாடி, முன்நெற்றியில் நரை, முகவாயில் மச்சம். கீழே நான். முப்பத்துமூன்று வயது, ஒடிந்து விழுகிற உடம்பு, மச்சமில்லை.

மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இது யாரு?"

அன்று பகல் முழுக்க அவ்வளவு நன்றாக வேலை செய்த மூளை அந்த நொடியில் எனக்குக் கொடுத்த பதில் இதுதான்:

"அது… பழைய போட்டோ மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் வரிசை நரைத்தலைப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "வயசு பின்னாடி போகுதே, எந்த மருந்து சேச்சி? எங்க கடைக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

அந்தச் சிரிப்பு மட்டாஞ்சேரி படகுத்துறை வரை கேட்டிருக்கும்.

பின்பக்கம், காலிப் பிரியாணிப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த ஒரு சிறிய அறைக்கு ஆன்சி மேடம் என்னை அழைத்துப் போனார். புத்தகத்தை மேஜையில் வைத்தேன். கழுத்து அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், துபாய்ப் பையன் உட்பட.

"பீனா வரலைன்னு எழுதப் போறேன். அவங்க நேர்ல வந்து பதில் சொல்லணும். இது விளையாட்டில்ல, தெரியுமா?"

"தெரியும் மேடம். தப்பு என்மேலதான். என்ன தண்டனைன்னாலும் எனக்குக் கொடுங்க, சேச்சிய விட்டுடுங்க."

"உங்களைத் தண்டிக்க எனக்கு அதிகாரமில்ல" என்றார் அவர். "நீங்க பார்மசிஸ்ட் இல்லையே."

கோபத்தில் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் திரையின் கீழே நின்றபோது வராத அழுகை அப்போது வந்தது. தண்டனை வாங்கக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறதே என்று தேம்பினேன். மேடம் ஒரு காகிதக் கைத்துடைப்பான் கொடுத்தார். என் நோட்டை எடுத்து, பகலெல்லாம் நான் கவிழ்த்தே வைத்திருந்த அட்டையைத் திருப்பி, லேபிளைப் படித்தார்.

"செல்வி?"

"நான்தான்."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இருபத்தெட்டுப் பக்கம், நாலு நிறத்தில். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு மருந்தின் பெயரில் நான் விட்டிருந்த எழுத்தைத் தன் பேனாவால் சேர்த்தார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "புத்தகம் தர முடியாது. இது உங்களோடது, கொண்டு போங்க."

படகில் ஏறியதும் பீனா சேச்சிக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "செல்வீ! அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு! கல்யாணம் உறப்பிச்சாச்சு, நிச்சயம் பண்ணியாச்சு!" என்று கத்தினார். பின்னால் பலகாரத் தட்டுகளின் சத்தம். இந்த நேரத்திலா சொல்வது என்று இருந்தது. சொன்னேன்.

"மிண்டாம இருன்னு சொன்னேனில்லே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பதினொரு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மருந்துப் பெயர்களை மட்டும் சொன்னார். திருச்சூரில் நடந்த அடுத்த வகுப்புக்குப் போய், எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, மேடத்தின் உத்தரவுப்படி முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மாதக் கடைசிக்குள் பதிவு தப்பித்தது. பன்னிரண்டாவது நாள் காலை என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார். "உனக்காக எழுதி வந்தேன்" என்றார். முதல் வரி: 'ஏசி குளிர் அதிகம்.' இரண்டாவது வரி: 'எர்ணாகுளம் பிரியாணிதான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள்.' அதற்குக் கீழே இரண்டு பக்கம் பாடம், நுணுக்கி எழுதியிருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் என் நோட்டைத்தான் கொண்டு போகிறார். நான் கேட்டுவரச் சொன்ன கேள்விகளும் அதில் இருக்கும். "நீ படிக்க நான் போறேன்" என்று அலுத்துக்கொள்வார், ஆனால் ஒன்று விடாமல் கேட்டு வருவார்.

குல்சும் இத்தாவிடம் சாயா விஷயத்தைச் சொன்னதும் பீனா சேச்சிதான். சட்டப்படி அவர் வாயால்தான் வர வேண்டும். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சில மாதம் கழித்து டாக்டர் டோஸைக் குறைத்தார். இத்தா வீட்டில் நெய்ப்பத்திரி சுட்டுக் கொண்டுவந்து பீனா சேச்சியிடம் கொடுக்க, சேச்சி பொட்டலத்தை வாங்கி அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

வீட்டில் வேறு கதை. யாராவது பொய் சொல்லி மாட்டினால் "அது பழைய போட்டோ" என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கு. மார்க் குறைந்தால் நந்தினி அதைச் சொல்வாள். வண்டியில் புதுக் கீறல் விழுந்தால் முருகேசன் சொல்வார்.

போன மாதம் நந்தினி போனில் என்னவோ தேடிக்கொண்டிருந்தவள், "அம்மா, டி.பார்முக்கு வயசு உச்சவரம்பு இல்லையாம்" என்றாள். எனக்கு வயது முப்பத்தேழு. இரண்டு வருடம் பகல் முழுக்க வகுப்பு. வேலையை என்ன செய்வது? பீனா சேச்சியிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "உனக்குப் பதிலா இங்க நான் நிக்கறேன். இது சட்டப்படி சரிதான்" என்றார். முதலாளியிடம் அவரே பேசிக்கொள்வாராம்.

விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போனேன். ஸ்டுடியோக்காரர், "எதுக்கு சேச்சி, பாஸ்போர்ட்டுக்கா?" என்றார்.

"காலேஜுக்கு."

"அப்போ மகளையில்லே கூட்டிட்டு வரணும்?"

"எனக்குத்தான்" என்றேன். அவர் விளக்கைச் சரி செய்தார்.

விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். தினமும் காலையில் சான்றிதழைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மிச்சமிருந்த படங்களில் ஒன்றை முருகேசன் பிரிட்ஜில் ஒட்டி, கீழே 'இது புது போட்டோ' என்று எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அது என்னவென்று கேட்கிறார்கள். அவரும் சலிக்காமல் முதலிலிருந்து கதையை ஆரம்பிக்கிறார். நான் எழுந்து சாயா போட அடுக்களைக்குப் போய்விடுவேன். ஆன்சி மேடம் எதிரில் உட்கார்ந்து 'நீங்க பார்மசிஸ்ட்' என்று சொல்லும் இடம் வரும்போது மட்டும், அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.